மறுகால் ஓடையை மூடி மனை போடுகிறார்கள்: எந்தக் கதவைத் தட்டுவது?

கேள்வி: தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில் எங்கள் கடலோரக் கிராமம். ஊருக்குக் கிழக்கே பனங்காடும் தரிசுமாக ஏறத்தாழ 40 ஏக்கர். கண்மாய் நிரம்பி வழியும் மறுகால் தண்ணீர் அதன் நடுவே ஓடையாகப் போய்க் கடலில் சேரும். இப்போது வெளியூர்க்காரர்கள் அதை வாங்கி, கல் ஊன்றி, ‘கடல் பார்த்த மனை’ என்று விளம்பரம் செய்கிறார்கள். ஜேசிபியை விட்டு ஓடையில் மண் அடிக்கிறார்கள். கேட்டால் “பட்டா நிலம், பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு” என்கிறார்கள். கலெக்டரிடம் இரண்டு முறை மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. தடுக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் பட்டா நிலத்தை விற்கவே கூடாது என்று கேட்காதீர்கள். அந்தக் கோரிக்கை நிற்காது. நீங்கள் பிடிக்க வேண்டியவை ஓடை, கடலிலிருந்து உள்ள தூரம், மனைப்பிரிவு அனுமதி ஆகிய மூன்றும்தான். ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, அதிகாரி வேறு. எல்லாவற்றையும் ஒரே தாளில் சர்வே எண் இல்லாமல் எழுதிக் கொடுத்தால், அது தாசில்தார், வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), வி.ஏ.ஓ. என்று இறங்கி, ‘பட்டா நிலம்’ என்ற ஒரு வரி அறிக்கையோடு திரும்பிவிடும்.

முதல் வேலை ஓடைதான், அதுவும் ஐப்பசி மழைக்கு முன்பே. மறுகால் போக வழியில்லை என்றால் தண்ணீர் திரும்பிக் கண்மாய்க் கரையை அழுத்தும். கரை உடைந்தால் ஊர் மூழ்கும். கிராம வரைபடம், அந்த சர்வே எண்களின் புல வரைபடமான எஃப்.எம்.பி., நில வகையும் உரிமையும் காட்டும் அ-பதிவேடு மூன்றையும் எடுங்கள். ஓடை தனி சர்வே எண்ணில் புறம்போக்காக இருந்தால் வழக்கின் பாதி வேலை முடிந்தது. பட்டாவுக்குள் போவதாகக் காட்டினால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். உங்கள் பகுதி பழைய சமஸ்தான நிலம். 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் நடந்த செட்டில்மென்ட் (நிலவரித் திட்டம்) பதிவேட்டை, நில ஆவணங்களைப் புதுப்பித்த பிற்கால யு.டி.ஆர். பதிவேட்டோடு வைத்து ஒப்பிடுங்கள். யு.டி.ஆர். சமயத்தில் பட்டாவுக்குள் நுழைந்துவிட்ட கால்வாய்கள் ஏராளம். இந்த நகல்களை 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பதிவேடு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நீர்வழி அடைப்பை நீக்க, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 152-ன் கீழ் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-தான் இது. அடைப்பை எடு, இல்லையென்றால் ஆஜராகிக் காரணம் சொல் என்று அவர் உத்தரவிடலாம். ஆபத்து உடனடியானது என்றால் பிரிவு 161-ல் இடைக்காலத் தடையும் கேளுங்கள்.

அடுத்து கடல் தூரம். கடலோர ஒழுங்குமுறை மண்டலம், உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை. அந்தக் கோடு இன்று அலை வந்து தொடும் இடம் அல்ல, வரைபடத்தில் குறித்த கோடு. டேப் பிடித்து அளந்த படத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். உங்கள் கிராமத்துக்கு இந்த மண்டலம் பற்றிய 2011 அறிவிக்கையின் வரைபடம் நடப்பிலா, 2019-ன் வரைபடமா என்று மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு, நகல் வாங்குங்கள். 2011-ல் ஊர்ப்புறக் கடற்கரைக்கு முதல் 200 மீட்டர் கட்டுமானமற்ற பகுதி. 2019-ல் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களுக்கு மட்டும் அது 50 மீட்டராகக் குறைந்தது. பலர் கவனிக்காத இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது: மிச்சமுள்ள தூரத்தில் வீடு கட்ட அனுமதி இருப்பது, மீனவக் குப்பம் போன்ற பாரம்பரிய உரிமைக்கும் வழக்கமான பயன்பாட்டுக்கும் உட்பட்டு மட்டுமே. வெளியூர்க்காரருக்கு விற்கும் ‘கடல் பார்த்த மனை’ அதற்குள் எளிதில் அடங்காது. ஓடை முகத்தில் அலையாத்தியோ உவர் சேற்று நிலமோ மணல்மேடோ இருந்தால் அது இன்னும் உயர்ந்த பாதுகாப்பு வகை. தனியாகப் படம் எடுத்துக் குறிப்பிடுங்கள்.

இதற்கான இடம் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1000 ரூபாய். மனு போடக் கெடு, வழக்கின் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அதற்கு மேல் கிடையாது. கலெக்டருக்கு மனு போட்டுக் காத்திருந்த காலம் இதிலிருந்து கழியாது. நல்ல வழக்குகள் செத்துப்போவது இங்கேதான். 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று யாராவது சொன்னால், அது குற்றவியல் புகாருக்கான விதி, இந்த மனுவுக்கு அல்ல.

மனைப்பிரிவு விஷயம் தீர்ப்பாயத்துக்குப் போகாது; அது விசாரிக்கக்கூடிய சட்டங்களின் பட்டியலில் நகர் ஊரமைப்புச் சட்டம் இல்லை. அதிகாரிகள் அசையாவிட்டால் அதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. அதற்கு முன் செய்ய வேண்டியவை எளிது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் இல்லாத ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ செல்லாது. ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். 20.10.2016-க்கு முன் வீட்டுமனையாகப் பதிவாகாத, ஒப்புதலற்ற மனையைப் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி பதிய முடியாது. ஆகவே சர்வே எண்களோடு சார்பதிவாளருக்குப் பதிவுத் தபால் அனுப்பி, வில்லங்கச் சான்றை மாதம் ஒருமுறை பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டத்துக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. அவர்களின் விளம்பர நோட்டீஸையும் வாட்ஸ்அப் படத்தையும் அப்படியே ரெராவுக்கு அனுப்புங்கள். மீறினால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம். வாங்க வருபவர்கள் பின்வாங்குவதும் பெரும்பாலும் இந்த ஒரு கடிதத்தால்தான். பனைகளை வெட்டினால், கலெக்டர் அனுமதி இருக்கிறதா என்று அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்.

படங்களை ஒரே இடத்தில் நின்று, தேதியும் இருப்பிடமும் பதியும்படி எடுத்து, எடுத்தவர் பெயரை எழுதி வையுங்கள். நீதிமன்றத்தில், மின்னணு ஆதாரத்துக்கான பாரதிய சாக்ஷிய அதிநியமப் பிரிவு 63 சான்றில் அவரும் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டியிருக்கும். கிராமசபைத் தீர்மானம் இருந்தால் வழக்கு வலுவாகும். ஆனால் மனுதாரராக அந்த ஓடைக்கரையில் வீடோ வயலோ உள்ள ஒருவர் முன்னால் நிற்பது அதைவிட நல்லது. முதல் லோடு மண் விழுந்த தேதியை இன்றே உறுதி செய்து, ஐந்தாம் மாதம் முடிவதற்குள் தீர்ப்பாய மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள்.