வீடியோ பார்த்தால் போதுமா? இணையவழிக் கல்வி: கேள்வி பதில்

ஸ்வயம் என்பது மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளம், என்பிடெல் என்பது ஐ.ஐ.டி.க்கள் அதில் நடத்தும் பாடத் திட்டம். கல்லூரியில் இந்தப் பாடங்களில் மாணவர்களைச் சேர்த்து, தேர்வு முடியும்வரை கூடவே இருப்பது என் பொறுப்பு. பாடங்களையும் தேர்வுகளையும் நடத்தும் மூடுல் என்ற கல்லூரித் தளத்தையும் நான்தான் கவனிக்கிறேன். இணையவழிக் கல்வி பற்றிய சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்): பேத்தி ஏதோ ஆன்லைன் கோர்ஸ் படிக்கிறேன் என்கிறாள். எட்டிப் பார்த்தால் வீடியோதான் ஓடுகிறது. டிவி பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் சார்?

பதில்: வீடியோ மட்டும்தான் ஓடுகிறது என்றால் வித்தியாசம் பெரிதாக இல்லை ஐயா. உங்கள் சந்தேகம் நியாயமானது. பாடம் சொன்ன பிறகு கேள்வி கேட்க வேண்டும், விடையைத் திருத்திக் காட்ட வேண்டும், எங்கே தவறு என்று சொல்ல வேண்டும், அடுத்த பாடத்துக்கு ஒரு தேதி வைக்க வேண்டும். இதெல்லாம் இருந்தால்தான் நான் அதை இணையவழிப் படிப்பு என்பேன். இந்த யோசனை இணையத்தைவிடப் பழையது. 1960இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் குழுவினர் 'பிளேட்டோ' என்ற கணினி அமைப்பைத் தொடங்கினார்கள். திரையில் பாடம் வரும், கேள்வி வரும், மாணவர் விடையைத் தட்டினால் சரியா தவறா என்று உடனே சொல்லும். அடுத்த முறை பேத்தியிடம் என்ன பார்த்தாய் என்று கேட்காமல், இந்த வாரம் எந்தக் கணக்குப் போட்டாய், எத்தனை மதிப்பெண் வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (கணினி அறிவியல் மாணவர், திருநெல்வேலி): எல்.எம்.எஸ். என்கிறார்களே, அது உள்ளே என்ன செய்கிறது?

பதில்: எல்.எம்.எஸ். என்றால் லேர்னிங் மேனேஜ்மென்ட் சிஸ்டம், கற்றல் மேலாண்மை அமைப்பு. வகுப்பறையில் ஆசிரியர் நோட்டில் எழுதி வைக்கிற கணக்கு வழக்கையெல்லாம் அது செய்கிறது. உதாரணத்துக்கு மூடுல். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கியது. முதல் பதிப்பு 2002இல் வந்தது. திறந்த மூல மென்பொருள் என்பதால் எந்தக் கல்லூரியும் தன் சர்வரில் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். நீங்கள் உள்ளே நுழைந்த நேரம், திறந்த பக்கம், எழுதிய விடை எல்லாம் தரவுத்தளத்தில் பதிவாகும். ஆசிரியர் நூறு கேள்விகளைக் கேள்வி வங்கியில் போட்டுவைத்து, ஒவ்வொருவருக்கும் பத்து எடு என்று சொன்னால், அது குலுக்கி எடுத்து வரிசையையும் மாற்றிக் கொடுக்கும். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளையும் எண் விடைகளையும் தானே திருத்தும். கட்டுரை விடை மட்டும் ஆசிரியர் பக்கம் போய்க் காத்திருக்கும். ஒரு நிறுவனம் தயாரித்த பாடத்தை வேறொரு தளத்தில் ஏற்றினாலும் மதிப்பெண் சரியாகப் பதிவாக வேண்டுமே, அதற்குத்தான் ஸ்கார்ம் என்ற பொது விதிமுறை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் திட்டம் ஒன்றிலிருந்து வந்தது அது. ஜூம், கூகுள் மீட் இவையெல்லாம் நேரலைக்கான கருவிகள், எல்.எம்.எஸ். கணக்கில் வராது.

கேள்வி (பொறியியல் மாணவி, விருதுநகர்): சார், என்பிடெல் 12 வாரப் பாடத்தில் மூன்று அசைன்மென்ட் விட்டுவிட்டேன். இனிமேல் தொடர்ந்து பயன் இருக்கிறதா?

பதில்: கட்டாயம் இருக்கிறதும்மா, நிறுத்தாதே. 12 வாரப் பாடத்தில் எழுதிய அசைன்மென்ட்களில் சிறந்த எட்டை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறார்கள். எட்டு வாரப் பாடமென்றால் ஆறு, நான்கு வாரமென்றால் மூன்று. நீ மூன்று விட்டிருந்தாலும் இன்னும் ஒன்பது கையில் இருக்கிறது. இனி ஒன்றைத்தான் விடலாம், அவ்வளவுதான்.

கணக்கைப் புரிந்துகொள். அசைன்மென்ட் சராசரிக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75. தேர்ச்சி பெற அசைன்மென்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 வேண்டும். இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும் என்பதைத்தான் நிறைய மாணவர்கள் கவனிப்பதில்லை. தேர்வில் பிரமாதமாக எழுதிவிட்டு, அசைன்மென்ட் போதாமல் சான்றிதழை இழந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அசைன்மென்ட் சராசரி 80 சதவீதம் என்றால் 20 கிடைக்கும். தேர்வில் நூற்றுக்கு 50 எடுத்தால் 37.5. மொத்தம் 57.5, தேர்ச்சி. 60ஐத் தொட்டால் சான்றிதழில் 'எலைட்' என்ற தரம், 75க்கு மேல் வெள்ளி, 90க்கு மேல் தங்கம்.

இன்னொன்று: பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. சேர்வது இலவசம். தேர்வுக்குத் தனியாகப் படிவம் நிரப்பிக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்குக் கடைசித் தேதி உண்டு. தேர்வு வீட்டிலிருந்து அல்ல, மையத்துக்குப் போய்க் கண்காணிப்பாளர் முன்னால் கணினியில் எழுதுவது. ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸி.யும் சேர்ந்து 2003இல் தொடங்கிய திட்டம் இது. முதலில் பாடங்களைப் பதிவு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். 2014இல்தான் வாராவாரம் பயிற்சியும் முடிவில் தேர்வும் சான்றிதழும் சேர்ந்தன. இந்த நேரடித் தேர்வு இருப்பதால்தான் கல்லூரிகள் இதை மதித்து கிரெடிட், அதாவது பட்டத்துக்குச் சேரும் பாடப் புள்ளி, கொடுக்கின்றன. 2021 முதல் ஒரு பருவத்தின் கிரெடிட்டில் 40 சதவீதம் வரை ஸ்வயம் பாடங்கள் மூலம் பெற பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அனுமதிக்கிறது. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்பது உன் கல்லூரியின் முடிவு. துறைத் தலைவரிடம் கேட்டுவிட்டுச் சேர். முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

கேள்வி (வங்கித் தேர்வுக்குப் படிப்பவர், தஞ்சாவூர்): வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. மறுநாள் ஒன்றும் ஞாபகம் இல்லை. எனக்குத்தான் இப்படியா?

பதில்: எல்லோருக்கும் இப்படித்தான். நன்றாக விளக்குபவர் பேசும்போது அவருடைய தெளிவு நமக்கே வந்துவிட்டதுபோல் தோன்றும். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதைத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு சாரார் படித்ததை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். மூடிவைத்து எழுதியவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பத்து நிமிடம் பாருங்கள், நிறுத்துங்கள், போனைக் கவிழ்த்து வையுங்கள், வெள்ளைத் தாளில் ஞாபகம் இருப்பதை எழுதுங்கள். விட்டுப்போனதை மட்டும் வீடியோவில் திரும்பத் தேடுங்கள். ரெண்டு நாள் கழித்து, வீடியோவைத் திறக்காமல் அதே தலைப்பில் நாலு கணக்குப் போடுங்கள். சலிப்பாக இருக்கும், வேகம் குறையும். ஒரு நாளில் ஆறு வீடியோ முடித்த திருப்தியும் கிடைக்காது. ஆனால் தேர்வு அறையில் நினைவுக்கு வருவது இப்படிப் படித்ததுதான்.

கேள்வி (ஆறாம் வகுப்பு மாணவனின் தாய், ஓசூர்): வீட்டில் ஒரே போன். அதையும் அவங்க அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். என்ன செய்யலாம்?

பதில்: ராத்திரி அரை மணி நேரம் போன் கிடைத்தாலே போதும் அம்மா. பாடப்புத்தகத்தில் பாடத்தோடு கியூஆர் குறி அச்சாகியிருக்கும். திக்‌ஷா என்ற அரசின் கல்விச் செயலியில் அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோவும் பயிற்சிகளும் தமிழிலேயே வரும். பணம் கட்ட வேண்டியதில்லை. முழுப் பாடத்தையும் பார்க்க வேண்டாம். வகுப்பில் புரியாததை மட்டும் பையன் குறித்துவைத்து, அதை மட்டும் பார்க்கட்டும்.

கேள்வி (இளைஞர், ஜவ்வாது மலை): எங்கள் ஊரில் சிக்னலே ஒழுங்காக வராது அண்ணா. எங்களுக்கெல்லாம் இது எட்டாததா?

பதில்: இணையம் இல்லை என்றால் செயற்கைக்கோள் இருக்கிறது தம்பி. ஸ்வயம் பிரபா என்ற பெயரில் அரசு நடத்தும் கல்வி சேனல்கள் டிடி ஃப்ரீ டிஷ்ஷில் வருகின்றன, சந்தா கிடையாது. ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் புதிய பாடம் போட்டு, அதையே அன்றைக்கு மேலும் ஐந்து முறை மறு ஒளிபரப்பு செய்யும் ஏற்பாடு. காலையில் வேலைக்குப் போனாலும் இரவில் பிடித்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு 2019இல் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. டவுனுக்கு வரும்போது வீடியோக்களைக் குறைந்த தரத்தில் இறக்கிக்கொள். பலகையும் எழுத்தும் தெளிவாகத் தெரிந்தால் போதும், 1080பி என்ற உயர்தரம் தேவையே இல்லை. என்பிடெல்லில் பல பாடங்களுக்கு எழுத்து வடிவமும் கிடைக்கும். வீடியோவுக்கு ஆகும் டேட்டாவில் சின்னப் பங்குகூட அதற்கு ஆகாது.

ஆனால் டிவி உன் விடையைத் திருத்தாது. அந்த வேலைக்கு ஒரு ஆள் வேண்டும். ஊரில் படிக்கிறவர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துங்கள்.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர், சென்னை): ஒரு நிறுவனம் 80 ஆயிரத்துக்கு ஆன்லைன் கோர்ஸ், வேலை நிச்சயம், மாதத் தவணையில் கட்டலாம் என்கிறது. சேரலாமா?

பதில்: கையெழுத்துப் போடும் முன் தவணை யாருக்குப் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நிதி நிறுவனம் ஒன்றிடம் உங்கள் பெயரில் கடன் வாங்கி, கோர்ஸ் நடத்துபவருக்கு மொத்தமாகக் கொடுத்திருப்பார்கள். பாதியில் நீங்கள் விலகினாலும் கடன் விலகாது. பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனை எழுத்தில் வேண்டும், போனில் சொன்னதெல்லாம் செல்லாது. அப்புறம், அசைன்மென்டைத் திருத்துவது மனிதரா, எத்தனை நாளில் திருத்துவார், திருத்திய மாதிரி ஒன்றைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். இதற்கு நேரான பதில் வராவிட்டால் நீங்கள் வாங்கப்போவது வெறும் வீடியோ. அதே தலைப்பில் நல்ல வீடியோக்கள் இலவசமாகவே கிடைக்கும். சான்றிதழைவிட, நீங்களே செய்த ஒரு வேலையைத் திறந்து காட்டினால் நேர்முகத் தேர்வில் பேச்சு வேறு மாதிரி போகும்.

கேள்வி (பிளஸ் டூ மாணவர், நாமக்கல்): பி.இ.யை முழுக்க ஆன்லைனில் படிக்க முடியுமா?

பதில்: முடியாது. பொறியியல், மருத்துவம், செவிலியர், சட்டம், வேளாண்மை போன்ற பட்டங்களை இணையவழியில் நடத்த யுஜிசி விதிகள் இடம் தரவில்லை. யாராவது தருகிறேன் என்றால் நம்பாதே. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பு பி.எஸ். என்ற இளநிலை அறிவியல் பட்டம், பி.டெக். அல்ல. பாடம் வீட்டில், தேர்வு மையத்தில். நடுவில் டிப்ளமோவோடு வெளியேறவும் வழி உண்டு.

கேள்வி (பள்ளி ஆசிரியை, காரைக்குடி): நானே பாடம் பதிவு செய்ய ஆசை. கேமரா, லைட் எல்லாம் வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் ஒரு நல்ல காலர் மைக் வாங்குங்கள் டீச்சர். படம் சுமாராக இருந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் இரைந்தால் ஓடிவிடுவார்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் 69 லட்சம் வீடியோ அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், ஆறு நிமிடத்துக்குள் அடங்கிய வீடியோக்களைத்தான் மாணவர்கள் நன்றாக ஈடுபட்டுப் பார்த்தார்கள் என்று தெரிந்தது. உங்கள் நாற்பது நிமிட வகுப்பை அப்படியே படம் பிடிக்க வேண்டாம். ஒரு வீடியோவுக்கு ஒரு கருத்து, அதன் முடிவில் ஒரு கேள்வி. கேள்வியை முதலில் எழுதிவிட்டு அதற்குத் தகுந்தாற்போல் பாடத்தைத் தயாரித்தால் தேவையில்லாத பேச்சு தானாகக் கழியும். தவறான விடைகளையும் யோசித்து வையுங்கள். பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

கேள்வி (தாய், டொரண்டோ): இங்கே பிறந்த மகளுக்குத் தமிழ் எழுதப் படிக்க இணையத்தில் முறையாகச் சொல்லித்தர ஏதாவது இருக்கிறதா?

பதில்: தமிழ் இணையக் கல்விக்கழகத்தைப் பாருங்கள். வெளிநாட்டுத் தமிழர்களை மனத்தில் வைத்து 2001இல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. அப்போது அதன் பெயர் தமிழ் இணையப் பல்கலைக்கழகம். மழலையர் பாடல், கதை தொடங்கி, அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என்று சான்றிதழ்ப் படிப்புகள், அதற்கு மேல் பட்டம் வரை இருக்கிறது. ஆனால் சின்னக் குழந்தையைத் தனியாகத் திரைமுன் உட்கார வைக்காதீர்கள். அன்று படித்த சொற்களை வைத்து அம்மம்மாவோடு போனில் பேசட்டும்.

கேள்வி (தையல் கலைஞர், ஈரோடு): எனக்கு 46 வயசு. ரெண்டு முறை சேர்ந்து பாதியில் விட்டுவிட்டேன். மறுபடி சேர வெட்கமாக இருக்கிறது.

பதில்: வெட்கப்பட எதுவும் இல்லை அக்கா. 2011இல் ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் துரன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்தபோது சுமார் 1,60,000 பேர் பதிந்தார்கள். முடித்தவர்கள் ஏறக்குறைய 23,000 பேர். ஏழில் ஒருவர்தான் கரை சேர்ந்தார். வேலைக்கு நடுவில் படிப்பவர்களுக்குப் பாதியில் நிற்பது சகஜம். இந்த முறை நான்கு வாரப் பாடம் ஒன்றை மட்டும் எடுங்கள். கடை மூடிய பிறகு எந்த நேரம் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மகளாக இருந்தாலும் சரி. முதல் வாரத்தில் வீடியோ எல்லாவற்றையும் பார்த்து முடிக்காவிட்டாலும் அசைன்மென்டை எழுதி அனுப்பிவிடுங்கள். சந்தேகம் வந்தால் பாடத்தின் கலந்துரையாடல் பகுதியில் கேளுங்கள், பாடத்தை நடத்தும் குழு அங்கே பதில் சொல்லும். ஸ்வயம் தளத்தில் ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு முறை புதிய பாடங்கள் தொடங்குகின்றன, சேர்க்கை அதற்கு முன்பே திறந்துவிடும்.