கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் பகுதிநேரப் படைவீரர்கள் எப்படி ரோந்து போகிறார்கள்? மைனஸ் 40 டிகிரியில் என்னென்ன எடுத்துச் செல்வார்கள்?

நீங்கள் கேட்பது ‘கனடியன் ரேஞ்சர்ஸ்’ பற்றி. 1947இல் தொடங்கிய, கனடா ராணுவத்தின் ரிசர்வ் (பகுதிநேர) பிரிவு இது. சுமார் 5,000 பேர் இருக்கிறார்கள், சிவப்பு ஹூடிதான் அடையாளம். கனடாவின் வடகோடியிலுள்ள நுனாவுட் பகுதியின் ரோந்துக் குழுக்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர் இனுயிட் பழங்குடி மக்கள். ஆளில்லா ரேடார் நிலையங்களைப் பார்த்துவருவது, புதிய கப்பல், விமான நடமாட்டத்தைத் தெரிவிப்பது, காணாமல் போனவர்களைத் தேடுவது எல்லாம் இவர்கள் வேலை. சண்டைப் பயிற்சியைவிடப் பனியைப் படிக்கத் தெரிவதுதான் இங்கே பெரிய தகுதி.

முதலில் எரிபொருள். சுமை இழுக்கும் ஸ்னோமொபைலுக்கு (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) 100 கி.மீ.க்கு 30 லிட்டர் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. போய்வர 300 கி.மீ. என்றால் 90 லிட்டர். புயலுக்கும் சுற்றுவழிக்கும் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 120, அதாவது 20 லிட்டர் கேன் ஆறு. பெட்ரோலில் துளி தண்ணீர் கலந்திருந்தாலும் குழாயில் உறைந்து அடைத்துவிடும் என்பதால் கொஞ்சம் மெத்தனால் சேர்ப்பார்கள். ராத்திரி நின்ற வண்டியின் டிராக், அதாவது அடியில் சுழலும் ரப்பர் பட்டை, பனியோடு ஒட்டியிருக்கும். இன்ஜினைச் சில நிமிடம் சூடாக்கி, வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டி, பின்பக்கத்தைத் தூக்கி விடுவித்த பிறகே கிளப்ப வேண்டும். அவசரப்பட்டு ஆக்சிலரேட்டரை முறுக்கினால் டிரைவ் பெல்ட் கருகிப்போகும். மாற்று பெல்ட்டும் ஸ்பார்க் பிளக்கும் இல்லாமல் யாரும் ஊரைவிட்டுக் கிளம்புவதில்லை.

பின்னால் இழுபடுவது கமுட்டிக் என்கிற மரச் சறுக்குவண்டி. குறுக்குச் சட்டங்களை ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டியிருப்பார்கள். மேடுபள்ளமான கடல்பனியில் வண்டி நெளிந்துகொடுக்கும். ஆணி அடித்தால் குளிரில் மரம் பிளந்துவிடும். கனமான சாமான் அடியில், கூடாரமும் அடுப்பும் மேலே. புயல் வந்தால் முதலில் எட்ட வேண்டியவை அவைதான்.

குளிர் மட்டுமல்ல, மெல்லிய பனிக்கட்டியும் ஆளைக் கொல்லும். கடல்நீர் உறைந்த கட்டியில் உப்பு இருப்பதால், அதே தடிமனுள்ள ஏரிக்கட்டியைவிடப் பலம் குறைவு. கறுத்து, ஈரமாகத் தெரிந்தால் அது புதுசு. மேலே பஞ்சுபோல் பனி மூடியிருந்தால் இன்னும் ஆபத்து: அது போர்வையாகி, கீழே கட்டி தடிக்கவிடாது. குறுகிய நீர்ச்சந்திகளில் நீரோட்டம் நடுக்குளிர்காலத்திலும் அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் முன்னால் போகிறவர் ஈட்டியால் குத்திப் பார்ப்பார். ஒரே குத்தில் துளைத்தால் திரும்பிவிட வேண்டியதுதான்.

காந்தத் துருவம் பக்கம் என்பதால் திசைகாட்டியை நம்ப முடியாது. ஜிபிஎஸ் உண்டு, ஆனால் குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். லித்தியம் பேட்டரியை உள்சட்டைக்குள் உடம்போடு வைத்திருந்து, வேண்டும்போது மட்டும் எடுக்கிறார்கள். வெளிச்சம் மங்கிக் கண்முன் எல்லாம் வெள்ளையாகும்போது பெரியவர்கள் பார்ப்பது தரையை: நிரந்தரக் காற்று ஒரே திசையில் செதுக்கிய கெட்டிப் பனி வரப்புகளை எப்போதும் ஒரே கோணத்தில் கடந்தால் வழி தவறாது. எந்தக் கருவியையும்விட இந்த அறிவைத்தான் நான் உயர்வாக மதிக்கிறேன். அதை இளைஞர்கள் பெரியவர்களோடு போய்த்தான் கற்க முடியும், வகுப்பறையில் வராது.

உடையில் ஒரே விதி, வியர்க்கக் கூடாது. வேலை செய்யும்போது ஒரு அடுக்கைக் கழற்றி, நின்றதும் போட்டுக்கொள்வார்கள். தரையில் கரிபூ மான் தோல் விரித்துப் படுப்பார்கள். கூடாரத்துக்குள் நாஃப்தா (பெட்ரோல் போன்ற எரிபொருள்) அடுப்பு எரிந்தால் மேலும் கீழும் காற்றுவழி திறந்தே இருக்க வேண்டும். பனி மூடி அது அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் உயிரை எடுத்துவிடும்.

துப்பாக்கி முக்கியமாகத் துருவக்கரடிக்காக. பழைய லீ என்ஃபீல்டு ரைஃபிளுக்குப் பதிலாக இப்போது சி-19 ரைஃபிள். கையுறையோடு சுட வசதியாக ட்ரிகர் வளையம் பெரிது. அதை வெதுவெதுப்பான கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் ஈரம் படிந்து, வெளியே போனதும் உறைந்து இறுகிவிடும். அதனால் குளிரிலேயே, ஆனால் கைக்கெட்டும் இடத்தில் வைக்கிறார்கள். எண்ணெயையும் துடைத்துவிடுவார்கள், குளிரில் அது பசையாகிவிடும் என்பதால்.

ரோந்து நாட்களுக்குச் சம்பளம் உண்டு. ஸ்னோமொபைல் பெரும்பாலும் அவரவர் சொந்தம். அதற்குத் தனி வாடகை தருகிறார்கள். வடக்கில் ஒரு உதிரிபாகம் வந்துசேர ஆகும் செலவையும் காலத்தையும் பார்த்தால், அந்தத் தொகை தாராளமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.