நான் இருந்தால் முடிக்கிறாள், தனியாக விட்டால் தள்ளிவிடுகிறாள் – பதில்

மகள் ஜிக்சா (துண்டுகளைச் சேர்த்துப் படம் அமைக்கும் புதிர்) அடுக்கும்போது கூட உட்காருவதை நிறுத்த வேண்டாம். துண்டை எடுத்துக் கொடுப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

உங்கள் 4 வயது மகள் நீங்கள் இருந்தால் 24 துண்டு ஜிக்சாவை முடிக்கிறாள், தனியாக என்றால் இரண்டாவது துண்டிலேயே விட்டுவிடுகிறாள் என்கிறீர்கள். துண்டைத் திருப்பிச் சரியான பக்கமாக நீட்டுவது நீங்களாக இருக்கும்; அவள் அழுத்தி வைக்கிறாள், அவ்வளவுதான். மனசுக்குள் திருப்பிப் பார்க்கிற வேலைதான் இதில் முக்கியம், அது உங்களிடம் போய்விடுகிறது.

அடுத்த முறை இப்படிப் பாருங்கள்:

1. கையைக் கட்டிக்கொள்ளுங்கள். திணறினால் முதலில் சொல் மட்டும்: "நேரான ஓரம் எந்தப் பக்கம் வரணும்?" "இதைத் தலைகீழாத் திருப்பினா?" வெறும் "இங்க வை" வேண்டாம்.
2. நகரவில்லையென்றால் இடத்தை விரலால் காட்டுங்கள்.
3. பிடிபட்டதும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். (இதுதான் கஷ்டம்!)

தோற்றால் உதவியைக் கூட்டு, ஜெயித்தால் குறை என்ற இந்த முறை புதிதல்ல. வுட், புரூனர், ராஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1976-இல் மரக்கட்டைப் பிரமிடை வைத்து 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் ஆராய்ந்து எழுதியதுதான்.

ஓரம், மூலை, வளைவு போன்ற சொற்களைப் பெற்றோர் அதிகம் பேசிய வீட்டுக் குழந்தைகள் இடத்திறன் (வடிவத்தையும் இடத்தையும் மனசில் கையாளும் திறன்) சோதனைகளில் மேலாகச் செய்ததாக 2011-இல் வந்த ஓர் ஆய்வும் உண்டு. ஆனால் அது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை அல்ல. சொற்பொழிவு ஆற்றிவிடாதீர்கள். சலித்துப்போனால் 12 துண்டுக்கு இறங்குங்கள்.