சில்கி கோழியின் இறகு குளித்த பின் திரிதிரியாக ஒட்டுவது ஏன்?

கேள்வி: வெள்ளை சில்கி கோழியைக் கண்காட்சிக்காகக் குளிப்பாட்டி ஹேர் டிரையரில் காய வைத்தேன். பஞ்சு மாதிரி வராமல் இறகு திரிதிரியாக ஒட்டிக்கொள்கிறது. ஏன்? லெகார்ன் சேவலுக்கும் இதே முறைதானா?

பதில்: பெரும்பாலும் ஷாம்பு சரியாக அலசப்படாததுதான் காரணம். சில்கியின் இறகிழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளாததால் தண்ணீரையும் சோப்பையும் அப்படியே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தேய்ப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் அலசுங்கள்.

மூன்று டப் வேண்டும். மூன்றிலும் தண்ணீர் வெதுவெதுப்பாக, 37 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். முதல் டப்பில் குழந்தைகள் ஷாம்புவைக் கரைத்துவிட்டுக் கோழியை இறக்குங்கள். நேராக முதுகில் ஊற்றினால் ஓரிடத்தில் தங்கிவிடும். இறகு வளரும் திசையிலேயே நீவ வேண்டும். கசக்கினால் ஒடியும். கால் செதிலுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். தலையை முக்கவே கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள். வெந்நீர்ச் சுகத்தில் சில கோழிகள் கண் சொக்கித் தலையைத் தொங்கப்போடும், ஆகவே ஒரு கை எப்போதும் மார்புக்கு அடியில் இருக்கட்டும்.

இரண்டாவது டப்பில் 10 லிட்டருக்கு ஒரு டம்ளர் வெள்ளை வினிகர். இது சோப்புப் படிவை எடுக்கும். அடியில் விரலை விட்டு இறகைப் பிரித்து அலசுங்கள். வழுவழுப்பு போகும்வரை விடாதீர்கள். மூன்றாவது டப்பில் வெறும் தண்ணீர். வெள்ளைக் கோழி என்பதால் சொட்டு நீலம் கலக்கலாம், ஆனால் தண்ணீரில் சாயல் தெரிந்தால் போதும். கூடினால் கோழி நீலமாகிவிடும், அதை உடனே எடுக்க வழியில்லை. வெயிலில் மஞ்சளித்த இறகை எந்த நீலமும் முழுதாக மாற்றாது.

துண்டால் ஒற்றி எடுத்த பின் டிரையரைக் குறைந்த சூட்டில், ஓர் அடி தள்ளிப் பிடித்து, கையை அசைத்துக்கொண்டே இருங்கள். காற்று படும் இடத்தில் உங்கள் விரல் இருந்தால் சூடு தெரியும். சில்கிக்கு அடியிலிருந்து மேல்நோக்கி ஊத வேண்டும். அலகைத் திறந்து மூச்சு வாங்கினாலோ இறக்கையை உடலை விட்டு விலக்கினாலோ சூடு அதிகம்; நிறுத்துங்கள். மேலே காய்ந்தது போலிருந்தாலும் வயிற்றடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பஞ்சைப் பிரித்துத் தோலைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் நின்றால் இறகு மறுபடி திரிதிரியாக ஒட்டும், இரவில் கோழிக்குக் குளிரும் அடிக்கும்.

லெகார்னுக்கு இந்த ஊதல் வேண்டாம். அதன் இறகிழைகள் சில்கி போலன்றிக் கொக்கி போட்டுக்கொள்பவை; எதிர்த்திசைக் காற்று அந்தக் கொக்கிகளைப் பிரித்து இறகைச் சிலுப்பிவிடும். துண்டில் சுற்றி ஈரம் வாங்கிய பின், காற்றோட்டம் தாக்காத கதகதப்பான கூண்டில் மரச்சீவல் பரப்பி விட்டுவிடுங்கள், அதுவே கோதிக்கொள்ளும். வால் அடியிலுள்ள சுரப்பியின் எண்ணெய் இறகில் திரும்பப் படிந்தால்தான் பளபளப்பு வரும் என்பதால், லெகார்னைக் கண்காட்சிக்கு மூன்று நாள் முன்பே குளிப்பாட்டிவிடுங்கள். சில்கிக்கு முந்தின நாள் குளியலே போதும்.