பிரதமரைப் பொதுவெளியில் விமர்சிப்பது இப்போது ஒரு ஃபேஷனா, குடிமகனின் கடமையா? அப்படி எழுதினால் சட்டச் சிக்கல் வருமா?

கடமைதான். அதிலும் அவருக்கு ஓட்டுப் போட்டவருக்குத்தான் அந்தக் கடமை முதலில் வருகிறது என்பேன்.

எதிர்க்கட்சிக்காரர் பிரதமரைக் குறை சொன்னால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவர் வேலையே அதுதான். பாதிப் பேர் காதிலேயே வாங்க மாட்டார்கள். "இவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன், ஆனால் இந்த விஷயத்தில் இவர் செய்தது தப்பு" என்று ஒருவர் சொன்னால்தான் பக்கத்தில் இருப்பவர் நின்று கேட்பார். "உனக்கும் அந்த ஃபேஷன் தொற்றிக்கொண்டதா?" என்ற பேச்சும் அப்படிப்பட்டவர் மீதுதான் முதலில் பாய்கிறது.

கோவையில் என் தாய்மாமா சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், நாலு ஆட்கள். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பார்கள். 2014-ல் வீட்டில் எல்லோரோடும் வாதாடி மோடிக்கு ஓட்டுப் போட்டவர் அவர். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தபோதும், கறுப்புப் பணம் ஒழியப் போகிறது என்று சந்தோஷமாகத்தான் இருந்தார். நாலு நாளில் சனிக்கிழமை வந்தது. பட்டறைகளில் சனிக்கிழமை சம்பள நாள், ரொக்கமாகத்தான் கொடுப்பது வழக்கம். மேசை டிராயரில் இருந்ததெல்லாம் பழைய ஐநூறு. வங்கியில் வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்தார்கள். இவர் கவுண்டருக்குப் போய்ச் சேர்வதற்குள் அதுவும் தீர்ந்துவிட்டது. கடைசியில் நாலு பேரையும் தெருமுனை மளிகைக் கடைக்கு அனுப்பி, தன் கணக்கில் அரிசியும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளச் சொன்னார். அதில் ஒருவருக்கு வீட்டு வாடகை கட்ட வேண்டிய வாரம் அது. அரிசியை வைத்து வாடகை கட்ட முடியாது.

மாமா டீக்கடையில் இதைச் சத்தமாகவே சொல்ல ஆரம்பித்தார். "ஏனுங்க, நீங்களும் அந்தக் கும்பல்ல சேந்துட்டீங்களா? அவரைத் திட்டறதுதான் இப்ப ஃபேஷன்" என்றார் பக்கத்துப் பட்டறைக்காரர். மாமா சொன்ன பதில்: "ஓட்டுப் போட்டவன் நானுங்க. நான் கேக்காம வேற யாருங்க கேப்பாங்க?"

அவர் கேட்டது சரியான கேள்வி என்று பிறகு ரிசர்வ் வங்கியின் கணக்கே காட்டியது. செல்லாது என்று அறிவித்த 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி வங்கிகளுக்குத் திரும்பிவிட்டது. அதாவது 99.3 சதவீதம். கறுப்புப் பணம் வைத்திருப்பவர்கள் வங்கிக்கு வர முடியாமல் பெரிய தொகை அப்படியே மடிந்துபோகும் என்று அப்போது பலமாகப் பேசினார்களே, அது நடக்கவில்லை. இதைச் சொல்வது ஃபேஷன் என்றால் ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கையும் ஃபேஷன்தான் என்று ஆகிவிடும்.

சொந்தப் பக்கத்திலிருந்து கேள்வி கேட்பதற்கு இந்திய வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பெரோஸ் காந்தி. நேருவின் மருமகன், ரேபரேலியின் காங்கிரஸ் எம்.பி. 1956-ல்தான் எல்.ஐ.சி. அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்டிருந்தது. மறு ஆண்டே அது கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. பண நெருக்கடியில் தள்ளாடிக்கொண்டிருந்த மனிதரின் பங்குகளை, பாலிசிதாரர்களின் பணத்தில் எதற்கு வாங்க வேண்டும்? 1957 டிசம்பரில் இந்தக் கேள்வியை மக்களவையில் எழுப்பியவர் எதிர்க்கட்சித் தலைவர் இல்லை, பெரோஸ் காந்திதான். பிரதமரை நேரடியாகத் தாக்கவில்லை, நிதியமைச்சகத்தைத்தான் கேட்டார். ஆனால் ஆடிப்போனது மாமனாரின் அரசு.

அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் ஒருநபர் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. உள்ளே இடம் இல்லாமல் வெளியே ஒலிபெருக்கி கட்ட வேண்டியிருந்தது. வருஷக்கணக்கில் இழுக்கவும் இல்லை. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம் சென்னைக்காரர், நேருவுக்கு மிகவும் வேண்டியவர். அவரை விடுவதற்கு நேருவுக்கு மனசே இல்லை. ஆனாலும் விட வேண்டியதாயிற்று. அன்றைக்கு பெரோஸ் காந்தி "நம்ம கட்சி, நம்ம குடும்பம்" என்று வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்.ஐ.சி.யின் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

நேருவும் இந்த விஷயத்தில் லேசுப்பட்டவர் இல்லை. 1937 நவம்பரில் 'மாடர்ன் ரெவ்யூ' இதழில் சாணக்கியா என்ற பெயரில் ஒரு கட்டுரை வந்தது. ஜவாஹர்லாலிடம் சர்வாதிகாரி ஆவதற்கான கூறுகள் இருக்கின்றன, கூட்டம் காட்டும் அன்பு அவரைக் கெடுத்துவிடும், எச்சரிக்கையாக இருங்கள் என்பதுதான் கட்டுரையின் சாரம். எழுதியவர் நேருவேதான். பிரதமரான பிறகு அவரும் விமர்சனத்துக்கு முகம் சுளித்த சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் 1963-ல் சுதந்திர இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை அவருடைய பழைய தோழர் ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்தபோது, உட்கார்ந்து கேட்டார், பதில் சொன்னார். பிரதமருக்கு நாளொன்றுக்கு 25,000 ரூபாய் செலவாகிறது, ஏழை மூன்றணாவில் நாளை ஓட்டுகிறான் என்று சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா அந்த அவையில் பேசினார். மூன்றணா இல்லை, பதினைந்து அணா என்று அரசுத் தரப்பு கணக்குச் சொன்னது. அந்தச் சண்டையால் நாட்டின் வறுமைக் கணக்கே விவாதத்துக்கு வந்தது. நாட்டுக்குக் கிடைத்த லாபம் அது.

சொந்தக் கட்சி வாயை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். "இந்திராதான் இந்தியா" என்று சொன்ன தேவகாந்த பருவா சாதாரணத் தொண்டர் இல்லை, அன்றைய காங்கிரஸ் தலைவர். அதே கட்சியின் காரியக் கமிட்டி உறுப்பினரான சந்திரசேகர், இந்திராவை எதிர்த்து இயக்கம் நடத்திய ஜெயப்பிரகாஷ் நாராயணோடு பேசுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். 1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவித்ததும் அவரையும் பிடித்து உள்ளே வைத்தார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. கட்டாயக் கருத்தடையைப் பற்றி ஊர் ஊராக மக்கள் குமுறிக்கொண்டிருந்ததை மேலே எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. சொன்னாலும் அச்சில் வராது. 1977-ல் இந்திரா தேர்தல் அறிவித்தார், தோற்றார். ரேபரேலியில் அவரே தோற்றார். ஒரு காலத்தில் பெரோஸ் காந்தி ஜெயித்த தொகுதி அது. விமர்சனத்தை அடைத்ததால் முதலில் நஷ்டப்பட்டவர்கள் மக்கள். அடுத்து அவரே.

சரி, ஃபேஷன் என்று ஒன்று இல்லவே இல்லையா? இருக்கிறது. பிரதமரின் உடையை, படிப்பை, மனைவியை, உச்சரிப்பைக் கிண்டல் செய்து நாலு லைக் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதை நான் விமர்சனத்தில் சேர்க்கவே மாட்டேன். எந்த முடிவு, எந்தத் தேதி, யாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல முடிந்தால் அது விமர்சனம். இன்னொன்று: பெட்ரோல் விலைக்காக மன்மோகன் சிங்கைக் கேட்டவர் மோடியையும் கேட்க வேண்டும். டெல்லியைக் கேட்பவர் ஜார்ஜ் கோட்டையையும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் பிரதமரைத் திட்டுவது சுலபம், கைதட்டல் கிடைக்கும். அதே வாய் முதலமைச்சர் விஷயத்தில் திறக்கிறதா என்று பாருங்கள், ஆள் யார் என்று தெரிந்துவிடும். இருந்தாலும், பேசுகிறவர் ஃபேஷனுக்காகப் பேசினாலும் சொன்ன விஷயம் சரியென்றால் அதற்குப் பதில் வந்தாக வேண்டும். ஆளை விட்டுவிட்டு விஷயத்துக்கு வாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கடமை என்றால் அரசியல் சாசனத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அடிப்படைக் கடமைகளைச் சொல்லும் 51ஏ பிரிவு 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்திலேயே, 42-வது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. அந்தக் காலத்தில் எழுதிய பட்டியலில்கூடப் பிரதமரைப் போற்ற வேண்டும் என்று ஒரு வரி இல்லை. தேசியக் கொடியை, தேசிய கீதத்தை மதிக்கச் சொல்கிறது. அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்ந்து கேட்கும் உணர்வையும் வளர்த்துக்கொள்ளச் சொல்கிறது. பிரதமரைக் கேட்டால் நாட்டுக்கு அவமானம் என்பவர்கள் ஒருமுறை அதை எடுத்துப் படிக்கலாம்.

அப்புறம், சட்டச் சிக்கல். அரசை எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும், வன்முறையைத் தூண்டாதவரை அது தேசத்துரோகம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே கேதார்நாத் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. பிரதமரை விமர்சித்ததற்காகப் பத்திரிகையாளர் வினோத் துவா மீது போட்ட வழக்கை 2021-ல் ரத்து செய்தபோது அதையே மறுபடி உறுதி செய்தது. தேசத்துரோகக் குற்றத்துக்கான பழைய 124ஏ பிரிவை 2022-ல் அதே நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. ஆனால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 152-வது பிரிவு இருக்கிறது. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாட்டுக்கு ஆபத்து என்று சொல்லி வழக்குப் போட இடம் கொடுக்கும் பிரிவு அது. அரசின் நடவடிக்கையைச் சட்டப்படி மாற்றுவதற்காக விமர்சிப்பது குற்றமாகாது என்று அதன் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது என்றாலும், கடைசியில் ஜெயித்தாலும் நடுவில் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டியிருக்கும் என்ற பயம் நியாயமானதுதான். எனவே எழுதும்போது ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். தனிப்பட்ட ஊழல் குற்றச்சாட்டு என்றால் அவதூறு வழக்கு வரலாம், இன்னும் கவனம் தேவை. நீங்கள் மத்திய அரசு ஊழியர் என்றால் 1964-ம் ஆண்டு நடத்தை விதிகளில் 9-வது விதி அரசின் கொள்கையைப் பகிரங்கமாகக் குறை சொல்வதைத் தடுக்கிறது. அந்த இடத்தில் இருப்பவர்கள் என் பதிலை நம்பி இறங்க வேண்டாம், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.