மண்டபம் சேலத்தில், பரோல் ஏற்காட்டில்

ஏற்காட்டிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். ஆயுள் தண்டனையில் சேலம் மத்தியச் சிறையில் இருக்கும் மகனுக்கு, தங்கை கல்யாணத்துக்காக பரோல் கிடைத்திருக்கிறது. ஏற்காட்டு வீட்டில்தான் தங்க வேண்டும், தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், ஸ்டேஷன் எல்லையைத் தாண்டக்கூடாது என்று நிபந்தனை. மண்டபமோ சேலம் அஸ்தம்பட்டியில். "முகூர்த்தத்துக்கு மட்டும் கூட்டிப் போகலாமா?" என்கிறார். மீதி மூன்று பக்கமும் பங்காளி பொய் சாட்சி சொன்ன கதை.

அம்மா, அந்த மூன்று பக்கத்தை மடித்து வையுங்கள். அது அப்பீலில் பேச வேண்டியது. இங்கே ஒரே வரிதான் விஷயம்: எல்லையைத் தாண்டக்கூடாது. மண்டபம் ஜெயில் இருக்கும் அதே அஸ்தம்பட்டியில் இருந்தாலும் அது எல்லைக்கு வெளியேதான்.

என்னிடம் வந்த ஒரு குடும்பம் இதில்தான் மாட்டியது. ஸ்டேஷன் ரைட்டர், "போயிட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்றாராம். குலதெய்வம் கோயிலுக்குப் போனார்கள். மொட்டையும் சந்தனமுமாகப் பையன் நிற்கும் படத்தைச் சித்தப்பா மகன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். எதிர்த்தரப்புக்கு அது போதுமே. ரைட்டருக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. நிபந்தனை மீறினால் அரசு தண்டனை நிறுத்தத்தை, அதாவது பரோலை, ரத்து செய்யலாம். அப்புறம் வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 473-வது பிரிவு. பந்தலிலேயே பிடித்தாலும் கேட்க முடியாது. அடுத்த பரோல் மனுவில் நன்னடத்தை அலுவலர் அறிக்கை எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

நிபந்தனையைத் தளர்த்த, உத்தரவு போட்டவரிடமே மனு கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். மனு போட்டாச்சு என்பது உத்தரவு ஆகாது. பரோலை நீட்டிக்கச் சொல்லும் மனுவுக்கும் இதே கதைதான். பதில் வராவிட்டால் குறித்த நேரத்தில் சிறை வாசலில் நிற்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், கடைசி நாள் பையனை மதியப் பந்திக்கு உட்கார வைக்காதீர்கள். இன்னொன்று: ஆயுள் கைதி முன்கூட்டியே விடுதலை கேட்பதற்கான 14 வருடக் கணக்கில் பரோல் நாட்கள் சேராது என்று கோவா வழக்கு ஒன்றில் 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என்னைக் கேட்டால், சம்பந்தி வீட்டாரிடம் பேசி முகூர்த்தத்தை ஏற்காட்டுக்கே மாற்றிவிடுங்கள். மண்டப அட்வான்ஸ் போனால் போகட்டும். இல்லை, ரிசப்ஷனை மட்டும் அந்த மண்டபத்தில் வையுங்கள், அண்ணன் இல்லாமல்.