கோடியில் ஸ்கின் மாற்றுவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அண்ணா, கோடி (Kodi) என்ற மீடியா பிளேயர் மென்பொருளில் ஆயிரம் படத்துக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறேன். ஸ்கினை, அதாவது அதன் திரைத் தோற்றத்தை, மாற்றினால் பார்த்த படங்களின் டிக் எல்லாம் போய்விடுமா?

போகாது தம்பி. படத்தின் பெயர், கதைச்சுருக்கம், பார்த்தது பார்க்காதது எல்லாம் யூசர்டேட்டா ஃபோல்டரில் மைவீடியோஸ் என்று தொடங்கும் டேட்டாபேஸில் இருக்கிறது. ஸ்கின் அதை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். முகப்பு மெனுவில் நீங்கள் செய்த மாற்றங்களும், போஸ்டரா லிஸ்டா என்று தேர்ந்தெடுத்த வியூவும் மட்டும் ஒவ்வொரு ஸ்கினுக்கும் தனித்தனி. புதிதில் ஒருமுறை திரும்ப அமைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே போய்ப் போடுவது? போட்டேன், பழையதே திரும்பி வந்துவிட்டது.

செட்டிங்ஸ், இன்டர்ஃபேஸ், அதில் ஸ்கின், அங்கே கெட் மோர். பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் தானாக இறங்கும். அது வந்ததும் இந்த ஸ்கினை வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும், பத்து நொடிதான் நிற்கும், பதில் வராவிட்டால் பழைய ஸ்கினுக்கே போய்விடும். உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். பெரிய ஸ்கின் முதல் தடவை மெனுவைக் கட்டும்போது திரை உறைந்த மாதிரி இருக்கும், நாம் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவோம், அந்த நேரம் பார்த்துப் பெட்டி வந்து போய்விடும். ரிமோட்டைக் கையிலேயே வைத்திருங்கள்.

ஜிப் ஃபைலாகக் கிடைத்ததைப் போட முடியவில்லை சார்.

முதலில் சிஸ்டம் செட்டிங்ஸில் ஆட்-ஆன்ஸ் பகுதிக்குப் போய் அன்னோன் சோர்சஸை, அதாவது வெளியிலிருந்து வரும் ஃபைல்களைப் போடும் அனுமதியை, ஆன் செய்யுங்கள். அப்புறம் ஜிப்பைத் திறந்து பாருங்கள், உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆட்-ஆன் எக்ஸ்எம்எல் இருக்க வேண்டும். அந்த ஃபைல் வெளியிலேயே கிடந்தால் அமைப்பு சரியில்லை என்று சொல்லி நின்றுவிடும். வேலை முடிந்ததும் அன்னோன் சோர்சஸை ஆஃப் செய்துவிடுங்கள், இதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

பல வருடத்துக்கு முந்தைய ஜிப் ஒன்று இருக்கிறது. கோடி 21ஆம் பதிப்பில் ஓடுமா?

பெரும்பாலும் ஓடாது. 2021இல் வந்த 19ஆம் பதிப்பில் கோடி பைத்தான் என்ற நிரல்மொழியின் 3ஆம் பதிப்புக்கு மாறியது, அதற்கு முந்தைய ஸ்கின்கள் நம்பியிருந்த துணை ஸ்கிரிப்டுகள் பல அதோடு நின்றுபோயின. அதே ஸ்கினின் புதிய பதிப்பு கெட் மோர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மாற்றியதும் திரை கருப்பு. செட்டிங்ஸுக்கே போக முடியவில்லை, எல்லாம் அழித்துத் திரும்பப் போடவா?

அழிக்கவே அழிக்காதீர்கள்! கோடியை முழுதாக மூடுங்கள். திறந்திருக்கும்போது திருத்தினால், மூடும்போது அது தன் பழைய மதிப்பையே மேலே எழுதிவிடும். விண்டோஸில் ஆப்டேட்டா ரோமிங்கில் கோடி ஃபோல்டர், லினக்ஸில் ஹோமில் புள்ளியோடு தொடங்கும் கோடி ஃபோல்டர், அதற்குள் யூசர்டேட்டா. அங்கே ஜியுஐ-செட்டிங்ஸ் எக்ஸ்எம்எல் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டுத் திறந்து, லுக் அண்ட் ஃபீல் ஸ்கின் என்ற வரியைத் தேடுங்கள். புது ஸ்கினின் பெயர் இருக்கும் இடத்தில் எஸ்சுவரி ஸ்கினின் பெயரைப் போட்டுச் சேமியுங்கள். 2017இல் 17ஆம் பதிப்பு வந்ததிலிருந்து அதுதான் கோடியோடு வரும் இயல்பான ஸ்கின், எப்போதும் கூடவே இருக்கும்.

தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன என்று அக்கா சொன்னார், எனக்கும் அப்படித்தான்.

அந்த ஸ்கினின் எழுத்துருவில் தமிழ் இல்லை. இன்டர்ஃபேஸ் செட்டிங்ஸில் ஸ்கினுக்கு அடியிலேயே ஃபான்ட்ஸ் இருக்கும், அதில் வேறு ஒன்றை மாற்றிப் பாருங்கள். படப் பெயர்களில் பிழையில்லை, டேட்டாபேஸைத் தொட வேண்டாம்.

ஒருவர் ஸ்கினோடு எல்லாம் சேர்ந்த 'பில்டு' தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். அது ஸ்கின் மட்டும் இல்லை. பல பில்டுகள் உங்கள் யூசர்டேட்டாவையே மாற்றி எழுதிவிடும், முதல் கேள்வியில் கேட்ட அந்த டிக் குறிகள் உண்மையிலேயே போவது இப்படித்தான்.